சிவப்பு வட்டம்

வாயைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லிவிட்டு
டாக்டர் ஒக்டாவியான் பேசிக்கொண்டே போனார்.
பதினான்கு வீட்டில் பதிமூன்று கையெழுத்து;
பாக்கி அவருடையது.

"இரண்டு வருஷம் காலிசெய்தால்
என் நோயாளிகள் புக்கரெஸ்ட் முழுக்கச் சிதறிப்போவார்கள்.
எழுபத்தேழிலேயே விழாத கட்டடம்" என்றார்.
நான் "ஆ" என்றேன்.
மறுப்பென்றும் கொள்ளலாம், வலியென்றும் கொள்ளலாம்.

சின்னக் கண்ணாடியின் காம்பால் கடைவாய்ப் பல்லைத் தட்டிக்
காது கொடுத்தார்.
போன மாதம் நானும் அப்படித்தான்
கீழே மருந்துக்கடைத் தூணைச் சுத்தியலால் தட்டினேன்.
அலமாரிக்கு இடம்விட
யாரோ எப்போதோ அதன் இடுப்பைச் செதுக்கியிருந்தார்கள்.
உள்ளே பொக்கை.
அதன் தலைமேல்
ஆறு மாடி, ஒரு பியானோ, இந்த நாற்காலி, நான்.

"மேலே பளபளப்பு, அடியில் சொத்தை.
இன்றைக்கே குடைந்தெடுத்து அடைக்கணும்;
தள்ளிப்போட்டால் பல்லே போயிடும்"
என்றவர்
சட்டென்று நிறுத்தினார்.
துளைக்கருவி மட்டும் கொஞ்ச நேரம் சும்மா சுற்றியது.

ஜன்னலோர விரிசலின் குறுக்கே
நான் சாந்து வைத்து ஒட்டிப்போன கண்ணாடித் துண்டை
எழுந்துபோய்ப் பார்த்தார்.
நடுவில் முறிந்திருந்தது.
எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

படிவத்தை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்.
கையெழுத்துப் போடவில்லை.
"வியாழக்கிழமை வாங்க, இரண்டையும் முடிச்சிடலாம்."

பாதி முகம் மரத்துப்போய்ப் படியிறங்கினேன்.
வாசலில் நகராட்சியின் சிவப்பு வட்டத்தை மறைத்து
யாரோ ஜெரேனியத் தொட்டி வைத்திருந்தார்கள்.
இன்றும் அதை
ஒரு சாண் நகர்த்திவைத்தேன்.