அரைச் சுற்று

இருவர் காசு, பலகை ஒன்று.
மீன்துறைக் குளிர் அறையில்
பதினோரு சனிக்கிழமை நான் பெட்டி அடுக்கிய கூலி,
தம்பி எலியாஸ் காலிப் புட்டி பொறுக்கி விற்ற சில்லறை.
கணக்குப் பார்த்தால்
முன்சக்கரம் ஒன்றுதான் அவனுக்குச் சேரும்.
அவன் கணக்குப் பார்க்கிறவன் இல்லை.

வால்பரைசோவில் சமதளம் என்பது
கடலோரம் ஒரு கீற்று.
மற்றதெல்லாம் மேடு.
ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்று
துறைமுகத்தை எட்டிப் பார்க்கும் வீடுகள்.

"முதல் ஸ்கேட்போர்டா?" என்றார்
கடைக்காரர் ஓஸ்வால்தோ,
மாவுக்கட்டுப் போட்ட கையால் சுவரைக் காட்டி.
அந்தக் கையைப் பார்த்த பிறகும்
நாங்கள் வெளியேறவில்லை.

தம்பிக்கு அந்த ஆக்டோபஸ்தான் வேண்டும்:
அடிப்பக்கம் முழுக்க ஆரஞ்சு நிறம், விரித்த எட்டுக் கை.
"படம்தான் முதலில் தேயும்" என்றார் அவர்.
"நீ விழும்போதுதான் ஊருக்கே அது தெரியும்."
அவனுக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று.

நான் அகலம் பார்த்தேன்.
அவன் பாதத்துக்குச் சரியானது எனக்குக் கயிறு.
எனக்குச் சரியானது அவனுக்குக் கட்டில்.
நடுவில் ஒன்றை எடுத்தோம்.
படம் உன்னுடையது, சக்கரம் என்னுடையது என்று ஒப்பந்தம்.
மெத்தென்ற சக்கரமாய்ப் பொறுக்கினேன்.
எங்கள் தெருக்கல் கடைவாய்ப்பல்லை ஆட்டும்.

பிறகுதான் தெரிந்தது அச்சின் நடுவே ஒரு நட்டு.
என் எடைக்கு அது இறுகியிருக்க வேண்டும்,
தளர்ந்தால் பலகை என்னைக் கேட்காமலே திரும்பும்.
தம்பி கொக்கு எடை.
இறுக்கினால் அவனுக்குத் திரும்பவே திரும்பாது,
கழுதைபோல் நேரே போய்
ரொட்டிக்கடைச் சுவரில் நிற்கும்.

ஆகவே அரைச் சுற்று.
பள்ளிக்கு முன் அவன் தளர்த்துவான்,
மாலையில் நான் இறுக்குவேன்.
முன்னச்சுக்கு அரை, பின்னச்சுக்கு அரை.
ஸ்பேனர் கதவருகே ஆணியில்.
ஒருவர் மறந்தால்
மற்றவர் முழங்கால் சொல்லிவிடும்.

உப்புக் காற்று பேரிங்கைத் தின்றது.
கரகரவென்று சக்கரம் முனகிய ஒரு நாள்
என்னைக் கேட்காமல்
மீன் பொரித்த எண்ணெயை விட்டுவிட்டான்.
மூன்று நாள்
தெருநாய் அத்தனையும் எங்கள் பின்னால்.
நான்காம் நாள் எட்டுப் பேரிங்கையும் கழற்றி,
மூடியை ஊசியால் நெம்பி,
ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் குலுக்கி,
அம்மாவின் துண்டில் உலர்த்தி
(அதற்குத் தனி வசவு)
தையல் மெஷின் எண்ணெய்
ஒன்றுக்கு இரண்டே சொட்டு.
விரலால் சுண்டினேன்.
ஒரு நிமிடம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது சக்கரம்.
இருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஜூலை மழையில் பலகையை வெளியே விட்டது யார்
என்பது இன்றுவரை தீராத வழக்கு.
ஓரம் ஊறி, அப்பளம்போல் ஏடு பிரிந்தது.
பசை தடவி, மேலே
அகராதியும் இஸ்திரிப்பெட்டியும் வைத்தோம்.
ஓரளவு ஒட்டியது.

பிறகு மூன்று வாரம் எனக்கு இரவு வேலை.
பலகையைத் தொடவில்லை.

செப்டம்பரில் ஒரு மாலை
ஸ்பேனரை நட்டில் பொருத்தித் திருகினேன்.
போகவில்லை.
என் இறுக்கத்திலேயே இருந்தது.

"காலையில ஓட்டலையா?"

"ஓட்டினேனே." வாய் நிறைய ரொட்டி.

"தளர்த்தல?"

"தளர்த்தினா தள்ளாடுது, மில்லா."

பார்த்தேன்.
கால்சட்டை கணுக்காலை விட்டு ஏறியிருந்தது.
குரல் வேறு, அடுத்த அறையிலிருந்து யாரோ பேசுவதுபோல்.

ஸ்பேனரை ஆணியில் மாட்டினேன்.
பலகையைப் புரட்டினால்
ஆக்டோபஸுக்கு மூன்று கை மிச்சம்.

"உனக்குத் தனியா ஒண்ணு வாங்கணும்."

"சரி. இது யாருக்கு?"

கடற்கரைக்கு இருநூற்றுப் பதினான்கு படி.
பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
இறங்க ஆரம்பித்தேன்.
பின்னாலேயே அவன்,
இரண்டிரண்டு படியாக.