ஏழு எழுத்து

விட்பி. மருத்துவர் அழைக்கும்வரை
எட்வினா தாக்ரே மடியில் குறுக்கெழுத்து:
'நம்பாத பார்வை, ஏழு எழுத்து.'

'லீர்' நான்குதான்; தவிர
அதில் எச்சில் ஊறும்.
'ஸ்க்விண்ட்'டுக்கு வெயில் வேண்டும்.
இது நவம்பர்.

பக்கத்தில் ஈரக் கோட்டோடு நாரிஸ்.
முகம் மீன்தொட்டியைப் பார்க்க
கண் மட்டும் நழுவி
அவள் கட்டங்களுக்குள் கிடந்தது.

'அஸ்கான்ஸ்' என்றார், மீனிடம் சொல்வதுபோல.

கடைக்கண் என்று நான் எழுதினால்
காதல் வந்துவிடும்.
இந்தச் சொல்லில் அது இல்லை,
கொஞ்சம் மழை இருக்கிறது.

அவள் கழுத்தைத் திருப்பவில்லை.
பார்த்தாள்,
ஏழு எழுத்தும் பொருந்த.

பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
எழுந்தவள் கதவருகே நின்று
சுவரில் தாளை வைத்து
கைமறைத்து
எழுதிக்கொண்டாள்.