போயிட்டுது

எங்கள் சண்டைகளை ஆங்கிலத்தில்தான் பிடிப்போம்.
இருவருக்கும் அது வாடகை வீடு.
சுவரில் யாருடைய அம்மாவின் படமும் இல்லை.
கதவை அறைந்து சாத்தினாலும்
எவருடைய ஊரிலும் கேட்காது.

காலி வீதியில் ஓட்டோக்காரனிடம்
எனக்குக் கோபம் சிங்களத்தில் வரும்,
ஓர் எழுத்துப் பிசகாமல்.
அதைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு
வீட்டுக்குள் போவேன்.
காசு எண்ணுவது மட்டும் தமிழில்.
வங்கியில் பதினொரு வருஷம்,
உதடு அசையாமல் எண்ணப் பழகிக்கொண்டேன்.

அசேலவுக்குத் தமிழில் நாற்பது சொல் இருக்கும்.
என் வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கியது.
வெள்ளவத்தையில் என் காலைகள்
எதையாவது தவறவிட்ட காலைகள்:
பஸ் போயிட்டுது,
தண்ணி போயிட்டுது,
கரண்ட் போயிட்டுது.
அவன் முதலில் பிடித்துக்கொண்ட வினைச்சொல் அது.
மீன்காரன் போயிட்டுது என்பான்.
என் தங்கை லண்டனுக்கு ஏறிய இரவு
கட்டுநாயக்காவில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று,
நிரோஜி போயிட்டுது என்றான்.
அழுதுகொண்டே சிரித்தேன்.
மனிசருக்கு வேறு விகுதி, அசேல,
பிறகு சொல்லித் தருகிறேன்.

சொல்லித் தரவில்லை.

புரட்டாதி, விடிய ஐந்தேகால்.
அடுப்படியில் போன் அடித்தது.
பாணந்துறையிலிருந்து அவனுடைய அக்கா.
"ஹரி... ஹரி..." என்று மட்டும் சொன்னான்.
சிங்களம் எனக்கு நன்றாகத் தெரியும்.
அந்த ஹரி விளங்கவில்லை.
போனை வைத்தான். கேத்தலைப் பார்த்தபடி,
என்னைப் பார்க்காமல் சொன்னான்:

அப்பா போயிட்டுது.

அவரை அவன் ஒருநாளும்
அப்பா என்று கூப்பிட்டதில்லை.
இந்த மொழியில் அவனுக்கு அப்பாவே இருந்ததில்லை.
அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ,
பஸ்ஸைப் போல,
கொஞ்சம் பொறுத்தால் அடுத்தது வரும் என்பதுபோல.
நான் திருத்தவில்லை.
ஓம் என்றேன்.
கேத்தல் கொதித்து வழிந்து அடுப்பு அணைந்தது.

மறுநாள் பாணந்துறையில்,
வெள்ளைக்கொடி கட்டிய ஒழுங்கை முடிவில்,
பெட்டியை மூடப் போகையில்
"தாத்தே" என்றான்.
ஒரே ஒரு தரம், ஐந்து வயதுக் குரலில்.
அப்போதுதான் அவர் இறந்தார்.
அவனுடைய மாமி ஒருத்தி என் கையைப் பிடித்து,
எனக்கு விளங்காது என்று எண்ணி
ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னாள்.
நானும் ஆங்கிலத்திலேயே நன்றி சொன்னேன்.

நேற்று, காஸ் சிலிண்டருக்குச் சொல்ல மறந்தது யார் என்று
மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் சண்டை.
ஆங்கிலத்தில்தான்.
பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததுபோல
கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.
நடுவில் மின்விசிறி நின்றது.
கீழ்மாடியில் யாரோ "லைட் கியா" என்றார்கள்.
எங்களிடமும் ஒரு வசனம் இருந்தது.
இருவரும் அதைச் சொல்லவில்லை.
அவன் நெருப்புப்பெட்டியைத் தேடினான்,
நான் மெழுகுதிரியை.