நீல நாடா

ஒன்பது ஆண்டுகள்
ஒரே வாக்கியத்தைத் தட்டச்சு செய்தேன்:
தாங்கள் எழுப்பிய பொருள்
எங்கள் வரம்புக்குள் வராது.
பெயர் மட்டும் மாறும்.
'வருந்துகிறோம்' சேர்க்கச் சொல்லி
மேலிடத்திலிருந்து தாள் வந்த வருஷம்
அதையும் சேர்த்தேன்.

சாலைக் குழி வரம்புக்குள் வரும்.
நாய் உரிமம்,
ஓய்வூதியத்தில் விட்டுப்போன எழுபது யூரோ,
நூலகம் தவறாகப் போட்ட அபராதம்,
எல்லாவற்றுக்கும் கதவு உண்டு எங்களிடம்.
தனியார் முதியோர் இல்லத்தில்
ஒரு டம்ளர் தண்ணீருக்கு
இல்லை.

டொனிகாலிலிருந்து எழுதினார் மானஸ் கில்டே.
கில்லிபெக்ஸ் துறைமுகத்தில்
முப்பத்தொரு வருஷம் மீன்பெட்டி அடுக்கியவர்.
வரிகள் வலப்பக்கமாகச் சரிந்து
தாளின் கரையில் இறங்கின.
அக்கா அட்ராக்டா. அறை பன்னிரண்டு.
பக்கவாதம் வலக்கையை எடுத்துக்கொண்டது.
கூஜா இருந்ததோ வலப்புறச் சன்னலில்.

"வியாழன்தோறும் போவேன்.
ஒரு வியாழன் சந்தேகம் தட்டியது.
பெட்டிக்கு ஒட்டும் நீல நாடா பையில் கிடந்தது.
விரல் நீளம் கிழித்து
தண்ணீர் நின்ற உயரத்தில் ஒட்டினேன்.
அடுத்த வியாழன்
நாடாவுக்கு ஒரு நூல் கீழே இருந்தது தண்ணீர்.
அந்த நூலையும் குடித்தது
அக்கா இல்லை, ரேடியேட்டர் சூடு."

இல்லத்துப் பதிவேட்டின் நகலும் இருந்தது.
திங்கள், குடித்தார்.
செவ்வாய், நன்றாகக் குடித்தார்.
ஏழு நாளும் ஒரே பேனா,
ஒரே மூச்சில் இட்ட ஏழு கையெழுத்து.
எடைக்கு மட்டும் பொய் வரவில்லை:
ஐம்பத்திரண்டு, நாற்பத்தேழு, நாற்பத்தொன்று.

கடிதத்தின் அடியில்
அந்த நாடாவை ஒட்டியிருந்தார்,
சாட்சிக்கு.

பதில் எழுதினேன்.
என்ன எழுதினேன் என்பது
உங்களுக்கே தெரியும்.

*

மார்ச்சில் சட்டம் திருந்தியது.
அட்டவணையில் ஒரு வரி கூடியது, அவ்வளவுதான்.
இல்லங்கள், மருத்துவ வாரியங்கள்,
வீட்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகள்,
இனி நாங்கள் கேட்டால் வாய் திறந்தாக வேண்டும்.
அலுவலகத்தில் எலுமிச்சை கேக் வெட்டினார்கள்.
இரண்டு துண்டு தின்றேன்.
பிறகு அலமாரியைத் திறந்தேன்.

நூற்றுப் பதினாறு கோப்புகள்.
சட்டத்துக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க
கழுத்து கிடையாது.
அட்ராக்டா
பதினோரு நாள் முந்திவிட்டார்.

மானஸை அழைத்தேன்.
அழைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
காற்று இரைந்தது, பின்னால் கடற்காகங்கள்.
முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.
"அப்போ அக்காவுக்கு இல்லை."
இல்லை என்றேன்.
"பன்னிரண்டில் இப்போ யார்?"
தெரியாது என்றேன்.
"கேட்டுப் பாரேன்" என்றார்,
ஏதோ உப்பு விலை கேட்கச் சொல்வதுபோல.

குறை கேட்பவர்கள் என்று எங்களுக்குப் பெயர்.
காதால் கேட்பதும் கேட்பது,
வாயால் கேட்பதும் கேட்பது.
இத்தனை நாள் முதலாவதற்கு மட்டும்
சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

ஜூனில் அதே இல்லத்திலிருந்து ஒரு புகார்.
அறை ஒன்பது, காணாமல்போன மாத்திரைகள்.
மேலாளர் தேநீர் தந்தார், பிஸ்கட் தந்தார்,
வண்ண வண்ணமாய் அறிக்கைகள் தந்தார்.
ஒன்பதில் எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு
தாழ்வாரத்தில் இன்னும் மூன்று கதவு நடந்தேன்.

பன்னிரண்டில் ஒரு கிழவர் தூங்கினார்.
கதவுச் சீட்டில் பெயர்: பார்ட்லி மெக்கியோன்.
கூஜா சன்னலோரம்.
கட்டிலிலிருந்து என் கையால் ஒன்றரை முழம்,
அவர் கையால் எத்தனை என்று தெரியவில்லை.

கைப்பையைத் திறந்தேன்.
இது டப்ளின் கடையில் வாங்கிய நாடா,
அந்த நீலம் கிடைக்கவில்லை.
விரல் நீளம் கிழித்து ஒட்டினேன்.

"என்ன செய்கிறீர்கள்?" என்றார் மேலாளர்.

வியாழக்கிழமை வருகிறேன் என்றேன்.