ஆறாவது இதழ்

மோட்டாரின் பின்பக்கம், மூடிக்குக் கீழே
சுண்டுவிரல் நுழையாத ஒரு துளை.
ஓடும்போது அதிலிருந்து தண்ணீர் பீச்ச வேண்டும்.
இங்கே கெம்சியில் எல்லோரும்
"ஒன்றுக்குப் போகிறதா?" என்றுதான் கேட்பார்கள்,
கைக்குழந்தையை விசாரிப்பது போல.

இரண்டு வாரமாக என்னுடையது
கிழவனைப் போலச் சொட்டிக்கொண்டிருந்தது.
தூண்டில் நரம்பை விட்டுக் குடைந்தேன்.
உப்புக்கட்டி ஒன்று உதிர்ந்தது.
நாலு நாள் நன்றாகப் போனது.
ஐந்தாம் நாள், இரண்டு தீவுக்கும் நடுவில்,
மூடியைத் தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.
அணைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தேன்.
ஏழு மூட்டை மட்டி. மழை. நீரோட்டம் எதிரே.
வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்,
கேட்க ஒரு கடற்சிங்கம் மட்டும் இருந்தது.

எண்பத்தேழாம் வருடத்து மோட்டார்.
என் கொழுந்தன் நொல்பெர்த்தோ விற்றது.
பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னான்:
"ஒரு தடவைகூடப் பிரித்ததில்லை, அண்ணி.
பிரிக்கிற வேலையே வைக்கவில்லை இது."

கீழ்க்காலைக் கழற்ற ஐந்து போல்ட்.
நாலு வந்தன.
ஐந்தாவது உப்பைக் கல்யாணம் கட்டியிருந்தது.
சூடு காட்டினேன், டீசல் ஊற்றினேன்,
யாஸ்னா சுத்தியலால் நலம் விசாரித்தாள்.
மதியத்துக்குள் மனம் மாறியது.

பம்பின் வீட்டுக்குள் ரப்பர்ச் சக்கரம்.
தூங்கி எழுந்த தலைமுடி போல
இதழெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.
ஆறு இருக்க வேண்டும்.
எண்ணினேன். ஐந்து.
யாஸ்னா எண்ணினாள். ஐந்து.
புதுச் சக்கரம் மேசைமேல்,
இருபதாயிரம் பெசோ விலைச்சீட்டோடு.
"மாட்டிவிடலாமே அம்மா."
மாட்டலாம்.
போன இதழ் எங்கே போனது?
தண்ணீர் போகிற வழியில்தானே
அதுவும் போயிருக்கும்.

கிழங்கு வேகவைக்கத் தண்ணீர் வைத்திருந்தேன்.
தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி
அந்தச் சட்டியில்தான் தொங்கவிட்டேன்.
சூடேறச் சூடேற மெல்ல வாய் திறந்தது.
ஆக, குற்றவாளி அது இல்லை.
(கிழங்குக்கு வேறு தண்ணீர் மாற்றினேன்.
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.)

செம்புக்குழாயில் வாய் வைத்து ஊதினேன்.
காற்று போனது, உதட்டில் கரித்தது.
பிறகு தலையைத் திறந்தேன்.
வெள்ளைச் சேறு, சிப்பித்தூள்,
எத்தனையோ பேருடைய கடல்.
கம்பியால் சுரண்டச் சுரண்ட
ஒரு மூலையில் கறுப்பாக ஏதோ.
இதழ்.
இன்னும் மெத்தென்று வளைந்தது.
யாஸ்னா கை தட்டினாள்.

அதே மூலையில்
கம்பி மறுபடி தட்டுப்பட்டது.
இன்னொன்று.
இது வளையவில்லை.
விளிம்பு விரலில் கரியாக உதிர்ந்தது.

சக்கரத்தில் குறைவது ஒன்று.
கையில் இருப்பது இரண்டு.
யாஸ்னா என் முகத்தைப் பார்த்தாள்,
பள்ளிக்கூடத்துக் கணக்கில் தப்பு வந்தால் பார்ப்பதுபோல.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.
எப்போதோ ஒருவன் பிரித்திருக்கிறான்.
புதுசை மாட்டியிருக்கிறான்.
பழையதைத் தேடவில்லை.

பாத்திர சோப்பைத் தடவி
இதழ்கள் சரியான பக்கம் மடியும்படி
தண்டைச் சுற்றிச் சுற்றிப் புதியதை இறக்கினேன்.
பிறைநிலா மாதிரி அந்தச் சின்ன ஆப்பு
இரண்டு முறை புல்லில் விழுந்தது.
சால்மன் பண்ணைக்காரர்கள் விட்டுப்போன நீலப் பீப்பாயில்
மழைத்தண்ணீர் நிறைய இருந்தது.
கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் இருமியது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் பீச்சியது பாருங்கள்,
யாஸ்னாவின் பூட்ஸ் நிறைந்தது.
உள்ளங்கையை நீட்டினேன்.
வெதுவெதுப்பு. அவ்வளவுதான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நொல்பெர்த்தோ சாப்பிட வருவான்.
எதைச் சமைத்தாலும் உப்பு கேட்பான்.
உப்புக்கிண்ணத்துக்குப் பக்கத்தில்
இரண்டு இதழையும் வைத்திருக்கிறேன்,
பழையது இடப்பக்கம்.
யாஸ்னா மூன்று தடவை எடுத்து ஒளித்துவிட்டாள்.
மூன்று தடவையும் தேடி
திரும்ப வைத்தேன்.