படர்க்கை

மராட்டியில் 'நான் போகிறேன்' என்றாலே தெரிந்துவிடுகிறது
ஆணா பெண்ணா.
எபிரேயத்தில் 'நீ' என்று கூப்பிட்டாலே.
உன் தமிழில் மட்டும், என்றாய்,
நாம் இருவர் பேசிக்கொண்டிருக்கும்வரை
யாரும் என்னைப் பிரிக்க முடியாது,
நான் எழுந்து போன பிறகுதான் ஆபத்து.
அதனால் இதையும் உன்னிடமே சொல்கிறேன், ஸிம்ஹா.

ஜூலை. சனிக்கிழமை.
பைகுல்லாவில் பூட்டிக் கிடந்த நூல் கிடங்கு.
ஒழுகும் இடத்தில் பெயிண்ட் டப்பா.
லைட் போர்டுக்கும் எனக்குமாக ஒரே தார்ப்பாய்.
நீ நடுவில்: தோளில் அப்பாவின் ஜெபச் சால்வை,
காலில் லாவணி ஆடுகிறவளிடம் இரவல் வாங்கிய சலங்கை,
பின்சுவரில் மரச்செக்கு, வீடியோவில்.
சனிக்கிழமை செக்கு ஓட்டாத எண்ணெய்க்காரர்களின் வம்சம் நீ;
படத்திலும் அது உறைந்தே நின்றது.
ப்ரொஜெக்டரைப் போட்டது நான்தான்.
எனக்கு ஏது ஓய்வு நாள்?

மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான்
மெழுகுவத்தி, என்றாய்.
மேலே மேகம். ஒன்றுகூட இல்லை.
நாற்பது பேர் நோட்டீஸால் விசிறிக்கொண்டார்கள்.
ஜெபாலயத்தில் உன் பெயரைச் சொல்லாத மாமா
கடைசி வரிசையிலிருந்து
"ஏழு ஐம்பத்திரண்டு, காலண்டரில் போட்டிருக்கு" என்றார்.
தெரியும் என்பதுபோல் நின்றாய்.
எனக்கே அப்புறம்தான் புரிந்தது,
நிற்பதுதான் ஆட்டம்.

பகலுமில்லாத இரவுமில்லாத அந்தி எவ்வளவு நேரம்?
அரை மைல் நடக்கிற நேரம் என்றாராம் உங்கள் பழைய பண்டிதர் ஒருவர்.
கண்ணிமைக்கும் நேரம் என்றாராம் இன்னொருவர்.
கண்ணிமைக்கும் நேரம்
எங்கள் இலக்கணத்தில் ஒரு குறில்.
அந்தக் குறிலை நீ இழுத்தாய்
ஒரு மணி நேரம்.
எப்போதாவது
சலங்கையில் ஒரே ஒரு பரல்.

டீ கொண்டுவந்த பையன்தான் கத்தினான்:
"அதோ, மூணு!"
கட்டிக்கொண்டிருக்கும் டவரின் கிரேன்களில்
மூன்று சிவப்பு விளக்கு.
அது நட்சத்திரமில்லை என்றார் மாமா.
சொல்லிக்கொண்டே எழுந்து வந்தார்.
பின்னல் மெழுகுவத்தியை வாங்கிக்கொண்டு
காற்றுக்குக் கை மறைத்தார்.
'நீ' என்று ஏதோ தொடங்கினார், எபிரேயத்தில்.
எந்த 'நீ' என்று கேட்கவில்லை.
தகரத்தில் மழை.

சுடரில் நகம் பார்த்தாய்:
ஒரு கையில் சாயம், மறு கை வெறுமை.
ஒளியையும் இருளையும் பிரிக்கிறவனை வாழ்த்தும்போது
பிரிக்கிற சொல் வருமிடத்தில்
மூச்சை மட்டும் விட்டாய்.
உலர்திராட்சை சர்பத்தில் சுடர் சீறி அணைந்தது.
நான் செக்கை ஓடவிட்டேன்.

பதினொன்று நாற்பது ஸ்லோ லோக்கல்.
பெண்கள் பெட்டியுமில்லை, பொதுப்பெட்டியுமில்லை,
சாமான் பெட்டியில், காலி மீன்கூடைகளுக்கு நடுவே
உன் தலை என் மடியில். தூக்கம்.
கர்ரி ரோடு தாண்டும்போது லேபர் கேம்பிலிருந்து அம்மா.
ஸிம்ஹா என்றால் மகிழ்ச்சி என்று
பத்துத் தடவை சொல்லியாயிற்று அவளிடம்.
"என்னடி, அந்தச் சிங்கம் சாப்பிட்டுச்சா?"

சாப்பிட்டுச்சும்மா, என்றேன்.
அவல், வெல்லம், தேங்காய்.
படர்க்கையில்தான் சொன்னேன்.
ஒன்றும் ஆகவில்லை.