மேல்மண்

பாறையைப் பற்றி எனக்குத் தெரியும்.
திருச்செங்கோட்டு போர் வண்டியில் முப்பத்தோரு வருசம்,
ராய்ச்சூர், ஜபல்பூர், பெயர் மறந்த ஊர்கள்.
பிட்டு இறங்குகிற சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்
கருங்கல்லா வெள்ளைக்கல்லா என்று.
தொல்லை எப்போதும் பாறைக்கு மேலே கிடப்பதுதான்,
அந்த நாற்பது அடி மண்.
அடிக்கிறபோது பேசாமல் இருக்கும்.
கேசிங் பைப் இறக்காமல் விட்டுப் போனால்
ராத்திரியோடு ராத்திரியாக
சரிந்து குழியை மூடிவிடும்.

டாக்டர் ஹேமப்பிரியா
என் பல்செட்டைக் கழற்றி
விளக்கைக் கிட்டே இழுத்தார்.
"ராத்திரி கழட்டி வெக்கறதில்லீங்களா?"
நான் தண்ணீர் கொப்பளித்தேன்.
"எலும்பு மேல ரெண்டு மில்லிமீட்டர் சதைங்க.
சட்டுனு ஒரு அடி விழுந்தாத் தாங்கிக்கும்.
விடாம அமுத்திட்டே இருந்தா
நவுந்து நவுந்து போயிரும்.
எடுத்தாலும் ஒடனே திரும்பாது.
எளவட்டம்னா சில நிமிசம்,
உங்குளுக்கு மணிக்கணக்காகும்."

கண்ணாடி காட்டினார்.
மேலண்ணத்தில் செட்டின் ஓரம்
வரப்புப் போலச் சிவந்து கிடந்தது.
"இப்ப அளவெடுத்தா
நசுங்குன சதைக்குத்தான் அளவெடுப்பேன்.
ரெண்டு நாள் எதையும் மாட்டாம வாங்க."

ஒன்பது வருசமாகத் தூக்கத்திலும்
கழற்றியதில்லை என்று ஒப்புக்கொண்டேன்.
காரணம் சொல்லவில்லை.
காரணத்தின் பெயர் துளசிமணி.
வருசத்தில் எட்டு மாசம் வெளிமாநிலத்தில் கிடந்தவன்
பெண்டாட்டிக்குக் கொண்டுவந்து காட்ட
முகத்தையாவது முழுசாக வைத்திருக்க நினைத்தேன்.

முதல் நாள்
'த' வரவில்லை.
'ச' கம்ப்ரசர் ஓஸில் ஓட்டை விழுந்தது போலச்
சீறிக்கொண்டு போனது.
'ப'வும் 'ம'வும் மட்டும் உதட்டோடு தங்கின.
அவளைக் கூப்பிட்டால்
பாதிதான் வந்தது: "மணி."

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.
"எங்கூட்டுல என்னை அப்படித்தான் கூப்புடுவாங்கொ.
உங்குளுக்கு ஆரு சொன்னது?"

அரிசிம்பருப்புச் சாதத்தைக் குழைய வடித்திருந்தாள்.
நான் துண்டால் வாயை மூடிக்கொண்டு தின்றேன்.
"அதென்னத்துக்குத் துண்டு?
கொறட்டை உடறப்ப மேல்செட்டு கடகடன்னு ஆடும்,
ஒம்பது வருசமா
நானென்ன செவுடுன்னா நெனச்சீங்க?"

துண்டு கீழே விழுந்ததோ
நானே போட்டேனோ.

ரெண்டாம் ராத்திரி
நாக்கால் தடவிப் பார்த்தேன்.
வரப்பு மழுங்கியிருந்தது.
இறைத்து வற்றிய கிணற்றில்
ஊத்து ஏறுவதும் இப்படித்தான்,
முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாது.

மூன்றாம் நாள் அளவெடுத்தார்.
ஏதோ குளுகுளுவென்று பரவி
அண்ணத்தில் தானாகப் படிந்தது.
"கடிக்காதீங்க. சும்மா இருங்க."
சும்மா இருப்பது
அறுபத்திநாலு வயசில் பழகுகிற வேலையாக இருந்தது.

புதுச் செட்டும் முதல் வாரம்
வலது கடைவாயில் உறுத்தியது.
உள்ளே வெள்ளையாக ஒரு களிம்பைத் தடவி
மாட்டிக் கழற்றினார்.
சதை எங்கே நெரிபட்டதோ
அங்கே மட்டும் களிம்பு விலகி
ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தது.
அந்த இடத்தை மோட்டார் வைத்துத் தேய்த்தார்,
தூள் பறந்தது.
என் தொழிலில் நாங்கள்
மண்ணுக்காக இரும்பைத் தேய்த்ததில்லை.

இப்போது ராத்திரி பத்தடித்தால்
எவர்சில்வர் டம்ளரில் பல்.
துளசிமணி அதை எடுத்து
அலமாரி மேல்தட்டில் வைக்கிறாள்.
"தூக்கக் கலக்கத்துல
நான் எடுத்துக் குடிச்சுப்புடுவேனுங்க."